வன்னியும் வேலமும்: முள்மரங்களை இனங்காணும் முறை

தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தமிழகத்தை விட்டுத் தில்லி, ஜயப்பூர், அகமதாபாத் முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர் பலர், ‘இங்கே நம் ஊர் மரம் ஒன்றையும் காணோமே’ என்று சொல்லக் கேட்கிறோம். உண்மை அதுவன்று. நம் ஊர் மரங்கள் பல இங்கும் வளர்கின்றன. வேறு பெயர் பூண்டு வளர்கின்றன. பெயர் விளங்காமையால் மரமும் விளங்காமற் போகிறது.

வறண்ட வட இந்திய நிலத்தில் மிகுதியாகக் காணப்படுவன முள்மரங்கள். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவை யாவும் ஒன்றுபோலத் தோன்றும். சிறிய இலைகள், கூரிய முட்கள், மஞ்சள் நிறப் பூக்கள் என்பவற்றுக்கு மேல் வேற்றுமை ஒன்றும் தென்படாது. ஆயினும் அவற்றுள் மண்ணுக்கு உரியவையும் உண்டு. அயலிலிருந்து வந்து மண்ணைக் கைப்பற்றியவையும் உண்டு. இவற்றுள் நான்கு மரங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அவை கருவேல், வெள்வேல், வன்னி, சீமைக் கருவேல் என்பன.

முதலில் பூவை நோக்குக. சிறு பந்துபோல் உருண்டையாக இருப்பின் அம்மரம் கருவேலாகவோ வெள்வேலாகவோ இருக்கலாம். விரல்போல் நீண்ட கதிராக இருப்பின் அது வன்னியாகவோ சீமைக் கருவேலாகவோ இருக்கலாம். இந்த ஒரு வினாவாலேயே நான்கு மரங்களும் இரண்டு இணைகளாகப் பிரிந்துவிடுகின்றன.

உருண்டைப் பூவுடைய இரண்டையும் பிரித்தறியப் பட்டையைப் பார்த்தல் வேண்டும். கருவேலின் பட்டை கறுத்து, ஆழ்ந்த வெடிப்புகளுடன் இருக்கும். அதன் காய், மணிகளைக் கோத்த மாலைபோல் ஒவ்வொரு விதைக்கும் இடையே இறுகிக் காணப்படும். இதனையே வடநாட்டார் கீக்கர் என்றும் பபூல் என்றும் வழங்குகின்றனர். வெள்வேலின் பட்டையோ பெயருக்கேற்ப வெளிறியிருக்கும், பூக்கள் கிளை நுனியில் பெருங்கொத்தாக நிற்கும், காய் தட்டையானது. தில்லிப் பக்கத்தில் இதற்கு ரோஞ்ச் என்று பெயர்.

இனி, கதிர்ப்பூவுடைய மரங்களுக்கு வருவோம். மிகுந்த கவனம் வேண்டுவது இங்கேதான். சீமைக் கருவேல் அமெரிக்க நாடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வடநாட்டில் இதனை விலாயதி கீக்கர் என்பர். குஜராத்தில் காண்டோ பாவள், அதாவது பைத்தியக்கார வேல், என்பர். தில்லியிலுள்ள ஆரவல்லிக் குன்றுக் காட்டில் பெரும்பகுதியை இது நிரப்பிவிட்டது. இதன் அடர்ந்த புதரின் கீழ் மண்ணுக்குரிய சிறு செடிகள் தழைப்பதரிது.

வன்னியோ இந்நாட்டு மரம். ராஜஸ்தானத்தில் கேஜ்ரி, ஹரியானாவில் ஜாண்ட், மராட்டியத்தில் ஷமி, தெலங்கானாவில் ஜம்மி என்றெல்லாம் வழங்குவது நம் வன்னியே. விருத்தாசலத்துத் திருக்கோயிலின் தலமரமும் இதுவே. பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்து வைத்ததாகப் பாரதம் கூறும் மரமும் இதுவே. ராஜஸ்தானத்து உழவர் இதனைத் தம் கம்பு வயல்களின் நடுவே விட்டு வளர்க்கின்றனர். இதன் நிழலில் பயிர் கெடுவதில்லை. சாங்ரி எனப்படும் இதன் பிஞ்சுக் காய்களை உலர்த்தி வைத்து, ஆண்டு முழுவதும் கறி சமைக்கின்றனர்.

இவ்விரண்டையும் பிரித்துக்காட்டுவது முள். ஒரு சிறு கிளையைக் கையில் பிடித்து, இலை முளைக்கும் கணுவைக் கவனியுங்கள். சீமைக் கருவேலில் நீண்ட வலிய முட்கள் கணுவிலேயே, பெரும்பாலும் இணையாக, முளைத்திருக்கும். கிளையும் கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து செல்லும். வன்னியில் முட்கள் குறுகியவை. அடி அகன்று நுனி கூர்ந்தவை. கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். காயும் துணை செய்யும். வன்னிக் காய் மெலிந்து நீண்டது. சீமைக் கருவேலின் காய் தடித்துச் சதைப்பற்றுடன் வைக்கோல் நிறம் பெற்றிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இன்று பல மாநிலங்களில் சீமைக் கருவேலைக் களையும் பணி நடைபெறுகிறது. பணி நல்லதே. ஆனால் கோடரி ஏந்தியவர்க்கு முள்ளின் வேற்றுமை தெரியாவிடின் வன்னியும் உடன் வீழும். வன்னி மெல்ல வளரும் மரம்; ஒரு நாளில் வெட்டியதை மீண்டும் பெறப் பல்லாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். ஜோதிப்பூருக்கு அருகிலுள்ள கேஜட்லி என்னும் சிற்றூரில், 1730ஆம் ஆண்டில், அரசனின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்னும் பெண்மணி முன்னின்று தடுத்தார். அவர் உட்பட 363 பிஷ்ணோயி மக்கள் மரங்களைத் தழுவி நின்று உயிர் துறந்தனர் என்பது வரலாறு. அத்தகைய மரத்தை அறியாமையால் நாம் இழத்தல் தகாது.

மரம் ஒன்றாக இராமல் இனம் ஒன்றாக இருப்பதும் உண்டு. எருக்கு இதற்கு நல்ல சான்று. தமிழகத்தில் நாம் பெரிதும் காணும் எருக்கின் பூவிதழ்கள் நன்கு விரிந்திருக்கும். தில்லியிலும் ராஜஸ்தானத்திலும் மிகுதியாகக் காணும் எருக்கிலோ இதழ்கள் நிமிர்ந்து கிண்ணம்போல் நிற்கும். நுனியில் ஊதா நிறம் தீட்டியிருக்கும். இரண்டும் உடன்பிறப்புகள், ஒன்றே அல்ல. இரண்டின் பாலும் கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

தோற்றத்தால் மயங்குதல் உயிருக்கே கேடாவதும் உண்டு. மஞ்சள் பூவும் முள்ளிலையும் கொண்ட பிரமதண்டின் விதை, கடுகை ஒத்திருக்கும். 1998ஆம் ஆண்டில் தில்லியில் கடுகெண்ணெயோடு இவ்விதையின் எண்ணெய் கலந்தமையால் பலர் நீர்க்கோவை நோயுற்று மாண்டனர். ஆதலின் ஐயமற அறியாத செடியை, நம் ஊர்க் கீரைபோல் தோன்றுகிறது என்ற ஒன்றையே கொண்டு, உணவாகவோ மருந்தாகவோ கொள்ளலாகாது.

காட்டுக்குச் செல்வோர் ஒரு சிறு குறிப்பேட்டை உடன் கொள்ளுதல் நலம். கண்ட இடம், நாள், இலை அமைந்த முறை, முள், பூ, காய், பட்டை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. செடியைப் பிடுங்க வேண்டுவதில்லை, வரைந்துகொண்டாலே போதும். அவ்வூர் உழவரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் அதன் பெயரைக் கேட்டு, பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் எழுதுக. அயல் மாநிலத்தில் பிறந்து வளரும் நம் சிறுவர்க்கு, கேஜ்ரி என்பதும் வன்னி என்பதும் ஒரு மரமே என்று காட்டிக் கொடுத்தால், இரு மொழிகளும் இரு நிலங்களும் அவர்க்கு ஒருங்கே உரிமையாகும்.