வீடிழந்த முதியோரும் அயலும்

இல்லம் என்னுஞ் சொல் நான்கு சுவரையும் ஒரு கூரையையும் மாத்திரம் குறிப்பதன்று. அன்றாடம் நடந்து பழகிய ஒழுங்கை, வேலிக்கு அப்பாலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் குரல், கூப்பிட்டவுடன் வரும் அயலவர் ஆகிய யாவும் அதன் பொருளுள் அடங்கும். இளையோர் இவற்றைப் புதிய இடத்திலும் தேடிக்கொள்வர். முதியோர்க்கு அது அரிது. ஆதலின், இயற்கை அனர்த்தத்தால் வீடிழந்த முதியோரை ஆதரிப்போர் கூரையுடன் அயலையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நாடு யப்பான்.

1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பூகம்பம் தாக்கியது. 6,434 பேர் மாண்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எய்தியோர். பாரமான ஓடு வேய்ந்த பழைய மரவீடுகளில் முதியோர் மிகுதியாக வாழ்ந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

உயிர் தப்பியோர்க்கென அரசினர் ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகளை அமைத்தனர். நகரின் நடுவே வெற்றுநிலம் அரிதாகையால், அவற்றுட் பல நகரின் புறத்தேயும் கடலைத் தூர்த்து ஆக்கிய தீவுகளிலும் எழுந்தன. முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. எவர்க்கு எவ்விடம் என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானித்தது. இரக்கமும் நடுநிலையும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இஃது என்றே எவரும் கொள்வர். விளைவோ வேறாயிற்று.

ஒரே தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தோர் வெவ்வேறு குடியிருப்புக்களுக்குச் சிதறினர். முதியோர் பலர் ஓரிடத்திற் கூடினர். ஆயினும் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர். பழகிய வைத்தியரும் கடையும் தொலைவாயின. தனித்திருந்தோருட் சிலர் எவருமறியாது இறந்து, நாட்கள் சில கழிந்த பின்னரே காணப்பட்டனர். இத்தகைய சாவை யப்பானியர் கொதொகுசி, அதாவது தனிமைச் சாவு, என்பர். தற்காலிக வீடுகள் 2000ஆம் ஆண்டில் மூடப்படும் வரை அவற்றில் இவ்வாறு இறந்தோர் 233 பேர். அவர்களுள் முதியோரேயன்றித் தொழிலிழந்து தனித்த நடுவயது ஆடவரும் பலர் இருந்தமை நோக்கற்பாலது.

இக்குறையைக் கண்டோர் வாளாவிருந்திலர். குரொதா ஹிரொகோ என்னும் தாதி தம் மருத்துவமனைப் பதவியைத் துறந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளையுடைய குடியிருப்பொன்றிற் கூடாரமிட்டுத் தங்கி, வீடுதோறுஞ் சென்று நலம் விசாரித்தார். குடியிருப்புக்களிற் பொதுக்கூடங்கள் திறக்கப்பட்டன. பின்னர் எழுந்த நிரந்தர வீடுகளிலும் முதியோரை நாள்தோறும் கண்டு பேசுதற்கு உதவியாளர் நியமிக்கப்பட்டனர்.

கோபே புகட்டிய பாடம் 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி நீகட்டாவிற் பூகம்பம் நேர்ந்தபொழுது பயன்பட்டது. பாதைகள் யாவும் துண்டிக்கப்பட்ட யமகொசி என்னும் மலைக்கிராமத்து மக்கள் அனைவரும் ஹெலிகொப்டர் மூலம் நகவோக்கா நகருக்குக் கொணரப்பட்டனர். முதலில் வந்த ஒழுங்கிலே தங்கியோர் சின்னாட்களில் ஊர் ஊராகப் பிரித்து அமர்த்தப்பட்டனர். தற்காலிக வீடுகளும் அவ்வாறே வழங்கப்பட்டன. பழைய அயலவரே புதிய அயலவராயினர். மண்ணோடு பழகிய முதியோர்க்குப் பயிரிட நிலமும் கிடைத்தது. பெறுவோராக மாத்திரம் இராது, விளைத்துக் கொடுப்போராகவும் அவர்கள் வாழ்ந்தனர். 2007ஆம் ஆண்டு முடிவதற்குள் அவ்வூரவரிற் பெரும்பாலோர் மலைக்கு மீண்டனர்.

அதே 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி எமது கரைகளை ஆழிப்பேரலை அழித்தது. கரையோரத்து மக்கள் பலர் உள்நிலத்துப் புதுக்குடியிருப்புக்களுக்குச் செல்ல நேர்ந்தது. கடலோசை கேட்டே கண்விழித்த முதியோர்க்கு அப்பெயர்வு எத்தகையதென்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அனர்த்த காலங்களில் முகாம்களிற் பெயர்ப் பதிவு செய்யும் பணியில் ஆசிரியரும் மாணவரும் உதவ நேரலாம். பெயர், வயது, நோய் ஆகியவற்றை எழுதுமிடத்து மேலும் ஒரு வினாவை வினவுதல் தகும்: “உங்கள் அயலில் இருந்தோர் யாவர்?” அவ்விடையைக் குறித்து வைத்து, வீடு வழங்குவோர் கையிற் சேர்ப்பித்தல் செலவற்ற செயல். அதனைச் செய்யாதுவிட்டால் எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதற்குக் கோபேயின் 233 மரணங்கள் சான்றாகும்.