ஐயம் இருக்கும் இடம்

1965 நவம்பர் 1 அன்று, இங்கிலாந்தின் யார்க்சயரில், ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களுள் மூன்று பெருங்காற்றில் சரிந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 114 மீட்டர் உயரம். வியப்பு என்னவெனில், வீழ்ந்தவை மூன்றும் முன்வரிசையின் மறைவில் நின்றவை. குறுநேர வீச்சுகளையும், நெருங்கி நின்ற கோபுரங்களிடையே எழும் சுழலையும் வடிவமைப்பு போதிய அளவு கருதவில்லை. ஆயினும் எதிர்பார்த்த சுமையைவிடக் கூடுதலாகத் தாங்க இடம்விடும் காப்புக்கெழு என ஒன்று இருந்ததே, அது ஏன் கைகொடுக்கவில்லை?

அந்நாளில் ஓங்கியிருந்த செயல்தகைவு முறை, எஃகு இளகத் தொடங்கும் தகைவில் ஏறத்தாழப் பாதியையே பயன்படுத்த இசைந்தது. கோபுரச் சுவரில் ஓரிடத்தில் தன்னெடை தரும் அமுக்கம் 10 அலகு, காற்று தரும் இழுவிசை 12 அலகு எனக் கொள்வோம். கற்காரைச் சுவருள் பதித்த எஃகுக் கம்பி ஏற்கவேண்டிய மிச்சம் 2. பாதித் தகைவுக் கணக்கில் இட்ட கம்பி 4 வரை தாங்கும். ஏட்டளவில் இருமடங்குக் காப்பு. ஆனால் காற்றின் விசை 14 ஆனாலே மிச்சம் 4 ஆகிவிடும். காற்றழுத்தம் விரைவின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், விரைவு எட்டு விழுக்காடு கூடினால் போதும், கம்பி இளகிவிடும்.

இதற்கு மாற்றான எல்லைநிலை முறை இந்த ஒற்றைக் கெழுவை உடைத்து, ஐயம் எங்கே பிறக்கிறதோ அங்கே பகிர்ந்து வைக்கிறது. இந்தியத் தரம் ஐ.எஸ். 456 இன்படி, கவிழ்க்கும் காற்றை 1.5 ஆல் பெருக்குகிறோம். காத்துநிற்கும் தன்னெடையை 0.9 மடங்காகக் குறைக்கிறோம். எஃகின் வலிமையை 1.15 ஆலும், களத்தில் கலந்து வார்ப்பதால் நம்பகம் குறைந்த கற்காரையின் வலிமையை 1.5 ஆலும் வகுக்கிறோம். அதே சுவருக்கு இப்போது 18 இல் 9 போக மிச்சம் 9, கம்பியோ 10.35 அலகு தாங்கவேண்டும். பழைய கணக்கைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்!

வீழ்ச்சி ஒன்றே எல்லையன்று. உத்திரத்தின் தொய்வு பொதுவாக இடைத்தூரத்தில் 250 இல் ஒரு பங்கையும், விரிசலின் அகலம் 0.3 மில்லிமீட்டரையும் கடக்கலாகாது. இவற்றைப் பெருக்காத அன்றாடச் சுமைகொண்டே சரிபார்ப்பர்.

சோவியத் நாடு 1955 இலும், பிரிட்டன் 1972 இலும், இந்தியா 1978 இலும் இம்முறையைத் தம் கற்காரை விதிகளில் ஏற்றன. பிரிட்டன் பெருக்கும் கெழுவைத் தன்னெடைக்கு 1.4, ஆட்கள் போன்ற மாறுசுமைக்கு 1.6 எனப் பிரித்தது. நாமோ, இரண்டும் ஒருங்கே அழுத்தும் இடத்தில், இரண்டையும் 1.5 ஆல் பெருக்குகிறோம். உத்திரத்தின் எடையைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஒரு மண்டபத்தில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பர் என்பதை அவ்வாறு சொல்ல இயலுமா? கணக்கு எளிதாகிறது, மறுக்கவில்லை. எனினும் அது முறையின் உயிர்க்கொள்கையைச் சற்றே விட்டுக்கொடுத்துப் பெற்ற எளிமை.