பொருளுக்கொரு பெயர்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனவும், பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனவும் பகுத்துக் காட்டினார் நன்னூலார் பவணந்தி முனிவர். தேர்வுக்காக நாம் பயிலும் இப்பாகுபாடு கடைத்தெருவிலும் நமக்குத் துணைநிற்கும். புதிய பொருளொன்றைச் செய்து விற்க முனைவோர் எதிர்கொள்ளும் முதல் வினா, அதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பதன்றோ?

பொருளின் தன்மையையே பெயராக்கலாம் எனப் பலரும் எண்ணுவர். தேனுக்குச் ‘சுத்தத் தேன்’ எனப் பெயரிட்டால் எளிதில் விளங்கும். ஆயின், அப்பெயர் தேன் விற்கும் அனைவர்க்கும் பொதுவாகிவிடுகிறது. பொருளின் வகை, தரம், பயன், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே சுட்டும் சொற்கள், வழக்கத்தால் தனித்தன்மை பெற்றாலன்றிப் பதிவுக்கு உரியனவல்ல என்கிறது 1999ஆம் ஆண்டின் இந்திய வணிகக் குறியீட்டுச் சட்டம்.

அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888ஆம் ஆண்டு தம் ஒளிப்படக் கருவிக்குக் ‘கோடாக்’ எனப் பெயரிட்டார். அது அவரே ஆக்கிய சொல், தனிப்பொருள் ஏதுமில்லை. ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்து வலிமையுடையது எனக் கருதி, அதனையே முதலிலும் இறுதியிலும் அமைத்தார். குறுகிய சொல், பிழைபட ஒலிக்க இடந்தராத சொல், வேறெப்பொருளையும் நினைவூட்டாத சொல். இடுகுறிச் சிறப்புப்பெயருக்கு நல்லதொரு சான்று எனலாம்.

பெயரைத் தேர்ந்தால் மட்டும் போதாது, காத்தலும் வேண்டும். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899ஆம் ஆண்டு தன் மருந்துக்கு ‘ஆஸ்பிரின்’ எனப் பெயரிட்டது. அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் என்னும் வேதியியற்பெயர் பொதுமக்கள் நாவில் எளிதில் வருவதோ? யார் செய்த மாத்திரையாயினும் ஆஸ்பிரின் என்றே வழங்கலாயிற்று. மக்கள் வழக்கில் அது மருந்தின் பெயராகவே ஆகிவிட்டதென 1921ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. சிறப்புப்பெயர் அந்நாட்டில் பொதுப்பெயராயிற்று. ஆதலின், சூட்டிய பெயரைத் தனித்து வழங்காமல், பொருளின் வகைப்பெயரோடு சேர்த்தே வழங்குதல் நலம்.

நம் மாணவர்களுள் நாளை சிறுதொழில் தொடங்குவோர் பலராவர். அவர்கள் சூட்டும் பெயர் சுருக்கமாக அமைதல் வேண்டும். அயல் மாநிலங்களிலும் விற்க எண்ணுவோர் ஒலியையும் கருதுதல் வேண்டும். ழகரம் நமக்கு இனிது, பிறமொழியினர் நாவுக்கோ அரிது. பெயரை உறுதி செய்யுமுன் வணிகக் குறியீட்டுப் பதிவேட்டில் தேடிப் பார்த்தல் இன்றியமையாதது. பிறர் வளர்த்த பெயரில் ஓரெழுத்தை மாற்றிச் சூட்டிக்கொள்வது சட்டத்திற்கும் ஒவ்வாது, வாங்குவோரை ஏமாற்றுவதுமாகும். அவ்வாறு வரும் பொருள் நிலைக்குமா?

பெயர் வைப்பது நம் கையில் உள்ளது. பெயர் பெறுவதோ பொருளின் தரத்தில் உள்ளது.