நனைந்த பின்னும் நிலைக்கும் வலிமை

சாலையைக் கெடுப்பது வண்டிச் சக்கரமே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் சாலைப் பணியில் பழகியோர் நீரையே முதற்பகையாகக் கொள்வர். கோடை முழுதும் பழுதின்றி இருந்த பாதை, ஒரு பருவமழைக்குப் பின் குழிகள் விழுந்து கிடப்பதை அவர்கள் கண்டறிந்தவர்கள். பிட்டுமென் கொண்டு நிலைப்படுத்திய அடித்தளங்களில் இவ்வபாயத்தை முன்கூட்டியே அறிவது எவ்வாறு?

பழைய சாலையிலிருந்து சுரண்டியெடுத்த பொருளுடன் ஜல்லியும் கல்தூளும் சேர்த்து, அதில் பிட்டுமென் எமல்ஷனையோ நுரைத்த பிட்டுமெனையோ கலந்து இவ்வடித்தளம் அமைக்கப்படுகிறது. நன்கு காய்ச்சிய பிட்டுமெனுள் சிறிதளவு குளிர்நீரைச் செலுத்தினால், நீர் நொடியில் ஆவியாகி அதனை நுரையாகப் பொங்கச் செய்யும். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் பேராசிரியர் சான்யி நீராவியைக் கொண்டு இம்முறையைத் தொடங்கினார். குளிர்நீரைக் கையாளும் மாற்றம் பின்னர் ஆஸ்திரேலியாவில் தோன்றியது.

இக்கலவையில் பிட்டுமென் நூற்றுக்கு 2 முதல் 2.5 பங்கு வரையே சேரும். அது பெரிய கற்களை முழுதும் போர்த்துவதில்லை. நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு, கற்களை ஆங்காங்கே புள்ளி புள்ளியாகப் பிணைக்கிறது. எனவே நீர் உட்புக இடமுண்டு. மேலும், பலவகைக் கற்கள் பிட்டுமெனைவிட நீரையே மிகுதியாக ஈர்க்கும் இயல்பின. நீர் இடையில் நுழைந்தால் பிணைப்பு விடுபடும்.

இதனை அறியும் சோதனை எளியது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைகள் மார்ஷல் சம்மட்டியால் இருபுறமும் 75 அடிகள் வீதம் இறுக்கப்பட்டு, 40 டிகிரி சென்டிகிரேடில் 72 மணி நேரம் உலர்த்தப்படுகின்றன. பின்னர் ஒரு பாதி உலர்ந்தவாறே வைக்கப்படும். மறுபாதி 25 டிகிரி நீரில் 24 மணி நேரம் மூழ்கியிருக்கும். இருவகை வில்லைகளையும் விட்டத்தின் வழியே நசுக்கி, அவை பிளக்கும் பளுவினின்று மறைமுக இழுவலிமை கணிக்கப்படும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, உலர்ந்த வில்லைக்குக் குறைந்தது 225 கிலோபாஸ்கலும், நனைந்த வில்லைக்கு 100 கிலோபாஸ்கலும் தேவை.

நனைந்த வலிமைக்கும் உலர்ந்த வலிமைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் நோக்குவது தவறாகும். ஒரு கலவை உலர்ந்த நிலையில் 240, நனைந்த நிலையில் 120 காட்டுவதாகக் கொள்வோம். விகிதம் நூற்றுக்கு 50. மற்றொன்று முறையே 110, 88 காட்டினால் விகிதம் நூற்றுக்கு 80. விகிதத்தால் பின்னது சிறந்ததாகத் தோன்றினும், இரு வரம்புகளையும் எட்டாத அதுவே தள்ளத்தக்கது. முன்னது வரம்புகளைக் கடந்ததாயினும், பாதி வலிமையை நீரிடம் இழப்பதால், நீர் தேங்கும் இடங்களில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

குறையைச் சரிசெய்யும் பொருட்டுச் சிமெண்டை மிகுதியாகச் சேர்ப்பதும் ஆகாது. நூற்றுக்கு ஒரு பங்களவு சிமெண்டோ சுண்ணாம்போ பிணைப்புக்குத் துணைபுரியும். மிகுந்தால் தளம் விறைத்துச் சுருங்கி வெடிக்கும். வெடிப்பே நீருக்கு வாயிலாகும்.

தொட்டி நீர் அசைவற்றது. சாலை நீரோ அவ்வாறன்று. ஒவ்வொரு சக்கரமும் அதனைத் துளைகளுக்குள் அழுத்தி மீள விடுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ? இதனைக் கருதியே தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக் கழகத்தில், வில்லைக்குள் நீரை விட்டுவிட்டு அழுத்திச் செலுத்தும் கருவி உருவாக்கப்பட்டது. அதன் பின்னர் எஞ்சும் பிணைப்பு வலிமை அளக்கப்படுகிறது.

சோதனைக்கூடம் தரும் எண், அங்கு செய்த வில்லைக்கு மட்டுமே உரியது. களத்தில் உருளையின் இறுக்கம் குறைந்தாலோ, ஓரக்கால்வாய் தூர்ந்தாலோ அவ்வெண் பொருளற்றதாகும். ஆதலின், மழைக்கு முன் வடிகாலைத் திறந்து வைப்பதும் இச்சோதனையின் ஒரு பகுதியே என்று களப்பணியாளர் கொள்ளுதல் நலம்.