பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் கார் வாங்கும் பேச்சு எழாத வீடு இன்று அரிது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், கிருத்திகை நாளில் குழந்தைகளுடன் மலை மந்திருக்குப் போய் வரவும் ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. புதிய காரின் விலை எட்டாதபோது, கரோல் பாக் பக்கம் விற்பனைக்கு நிற்கும் பழைய கார்கள் கண்ணை ஈர்க்கின்றன. பல ஆண்டுகள் சேர்த்த சேமநிதிப் பணம் ஒரே பிற்பகலில் கைமாறிவிடுகிறது. வர்ணம் புதிது, இருக்கை உறை புதிது. எஞ்சினை மட்டும், மூடியைத் தூக்கிப் பார்த்து, “சுத்தமாகத்தான் இருக்கிறது” என்று தலையசைத்து மூடிவிடுகிறோம். பழைய எஞ்சின் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதே ஐயத்திற்கு இடம் தருவதாகும். எண்ணெய் கசிந்த சுவடுகள் முந்தின நாள்தான் கழுவப்பட்டிருக்கலாம்.

எஞ்சினைப் பற்றி நாம் முதன்மையாக வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அதனைக் குளிர்ந்த நிலையிற் காண வேண்டும். ஓடிச் சூடேறிய எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். இரவெல்லாம் வால்வுகளின் ஓரமாகக் கசிந்து இறங்கிய எண்ணெய், காலையில் முதன்முறை முடுக்கும்போது நீலப் புகையாக வெளியேறுகிறது. சில நிமிடங்களில் அப்புகை அடங்கிவிடும். உலோகப் பகுதிகள் சூட்டால் விரிந்து இடைவெளிகள் குறைந்ததும் சில தட்டல் ஒலிகளும் ஓய்ந்துவிடும். இதனை நன்கறிந்த வியாபாரி, நாம் போய்ச் சேருமுன்பே வண்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு வைத்திருப்பார். ஆகையால் முதல் நாளே, “காடி பஹலே ஸே ஸ்டார்ட் மத் கர்னா” என்று சொல்லிவைப்பது நலம். சொன்னபடி கேட்டாரா என்பது எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடும். சூடாக இருந்தால், மறுநாள் காலை வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இரண்டு திரவங்களைப் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், எண்ணெயின் அளவும் நிறமும் தெரியும். கறுத்திருப்பதனால் மட்டும் அஞ்ச வேண்டுவதில்லை. டீசல் எஞ்சினில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால்தான் ஆபத்து. குளிரூட்டும் நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பது அதன் பொருள். பெரும்பாலும் சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட் பழுதாகியிருக்கும். அவ்வெண்ணெயை விரலிடையே தேய்த்துப் பார்க்கையில் உலோகப் பொடி மின்னினால் உள்ளே தேய்மானம் மிகுதி. அடுத்து, ரேடியேட்டர் நீரில் துருவோ எண்ணெய்ப் படலமோ மிதக்கிறதா என்று நோக்குக. சூடான எஞ்சினில் அம்மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். வீட்டுப் பிள்ளைகளை அருகே விடற்க.

பிறகு ஒருவர் முடுக்க, மற்றொருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். முடுக்கிய கணத்தில் மட்டும் தோன்றி மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். பின்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியிருப்பதால் செலவு மிகப் பெரிது. கரும்புகை எரிபொருள் சரியாக எரியாமையின் அடையாளம். தில்லிக் குளிர்காலத்தில் காலை வேளை எல்லா வண்டிகளும் வெண்ணிற ஆவி விடும், அது நீராவியே. எஞ்சின் நன்கு சூடேறிய பின்பும் வெண்புகை நில்லாது, இனிப்பு வாடையும் வீசினால் குளிரூட்டும் நீர் சிலிண்டருக்குள் புகுந்து எரிகிறது என்று கொள்க.

முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஒலியைக் கொண்டே வெடிப்பைக் கண்டறிவார்கள். எஞ்சினுக்கும் காது கொடுத்துக் கேட்பது அவ்வாறே பயன் தரும். மேற்பகுதியிலிருந்து வரும் மெல்லிய டிக்டிக் ஒலி பல சமயம் சிறு செலவில் தீரும். அடிவயிற்றிலிருந்து எழுந்து, வேகம் கூடக் கூட வலுக்கும் கனத்த மொத்தொலி கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததைக் குறிக்கலாம். அவ்வண்டியை விட்டு விலகுவதே உத்தமம்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி முடுக்கிய பின் அணைய வேண்டும். பலர் அது அணைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். தொடக்கத்தில் எரியவே இல்லையெனில், குறையை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

குளிரில் தோன்றாத சில குறைகள் சூட்டில்தான் தலைகாட்டும். எனவே அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்த்து, பாலம் ஒன்றின்மீது ஏற்றி, வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நம்பிக்கையான மிஸ்திரி ஒருவரைக் கூட்டிச் சென்று சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கச் சொன்னால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் பழுது ரிங்கில். உயராவிடில் வால்விலோ கேஸ்கெட்டிலோ. இச்சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் காரணத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றியும் ஒரு சொல். 2015 டிசம்பரில் சென்னையிலும், யமுனை பெருகிய 2023 ஜூலையில் தில்லியின் தாழ்ந்த பகுதிகளிலும் வாகனங்கள் நீரில் நின்றதை நாம் அறிவோம். இருக்கைப் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்த்தால் மண் கறை சொல்லிவிடும்.

டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறதெனில் அதற்கு எஞ்சின் மட்டும் காரணமன்று. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அது குறித்து மேலும் ஆணைகள் பிறந்தன. வாங்கும் நாளில் உள்ள நிலையை விசாரித்தறிக.

முன்பணம் கொடுக்குமுன், எஞ்சினிற் பொறித்த எண்ணையும் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சின் எண்ணைச் சுரண்டிய தடம் தெரிந்தால் விலை பேசாமலே எழுந்து வந்துவிடலாம்.