மலைவனத்தில் விருந்தினராய்

கோடை நெருங்கியதும் நம் இல்லங்களில் பிள்ளைகள் எழுப்பும் முதற் கேள்வி, இவ்வாண்டு எங்கே செல்கிறோம் என்பதே. கொடைக்கானல் என்று விடை கூறும் பெற்றோர் பலர். ஆயினும் அங்குச் செல்லும் குடும்பங்களுள் பல வாகனத்திலேயே ஏறி, வாகனத்திலேயே சுற்றி, கடைவீதியில் பொருள் வாங்கித் திரும்பிவிடுகின்றன. மலையின் இன்பம் நடப்போர்க்கே உரியது. அவ்வின்பத்தை எங்ஙனம் பெறலாம், அதற்கு எவ்வாறு கடமைப்பட்டுள்ளோம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

காலாற நடக்க

மதுரை ஆட்சியராய் விளங்கிய லெவிஞ்ச் 1863-இல் அமைத்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பாதை உண்டு. மேடு பள்ளம் மிகுதியின்றி அமைந்த இவ்வழியில் முதியோரும் சிறாரும் கைகோத்து நடக்கலாம். 1872-இல் மலைவிளிம்பை ஒட்டி அமைந்த கோக்கர் நடைபாதை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமே. மேகம் சூழாத காலை வேளையில் கீழே சமவெளி விரிந்து கிடப்பதை அங்கிருந்து காணலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி இறுதியாக 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அதனைக் காணும் பேற்றை நம் பிள்ளைகளுக்கு அளிக்க இன்றே எண்ணிக்கொள்வோம்.

அறிந்து காண

பெயர் அறியாதவனுக்கு வனம் வெறும் பச்சை நிறமே. எனவே, இயேசு சபையினர் 1895-இல் நிறுவிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தை முதலில் காண்பது நன்று. இம்மலையின் விலங்குகள், பறவைகள், தாவரங்கள் ஆகியவற்றை அங்கே அருகிருந்து நோக்கலாம். அச்சபையின் தாவரவியல் அறிஞர் கே. எம். மாத்யூ அடிகளார் பழனிமலைத் தாவரங்களை ஆராய்ந்து 1999-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். நாம் மிதித்துச் செல்லும் புல்லுக்கும் பெயருண்டு, வரலாறுண்டு என்பதை அத்தகையோரின் உழைப்பு நமக்கு உணர்த்துகிறது.

கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், அடர்ந்த வனத்தின் நடுவே பேரிஜம் ஏரி உள்ளது. வனத்துறையின் அனுமதி பெற்றே அங்குச் செல்ல இயலும். இது வீண் கெடுபிடியன்று. பள்ளத்தாக்குச் சோலைகளும் மேட்டுப் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பேரிஜம் நீரே அடிவாரத்துப் பெரியகுளத்து மக்களுக்குக் குடிநீராகிறது. நாம் எறியும் குப்பை ஒருவர் வீட்டுக் குடத்தை நோக்கிச் செல்கிறது என்பதை மறவாதிருப்போம்.

மறக்கலாகாத பாடம்

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவர்களுள் பலர் இளையோர். வெயிலில் உலர்ந்த புல், சரிவான நிலம், பலத்த காற்று ஆகிய மூன்றும் கூடினால், மனிதன் ஓடும் விரைவினும் தீ மேல்நோக்கி விரையும். வழியறிந்த துணையும் முறையான அனுமதியும் எத்துணை இன்றியமையாதவை என்பதை அத்துயரம் நாட்டுக்கே உணர்த்தியது. அவ்வாண்டிலேயே அரசு மலைநடைப் பயணங்களுக்கென விதிகளை வகுத்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் திறந்தது. எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என அவை வகுக்கப்பட்டுள்ளன. மலையில் வாழும் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாய் உடன் வருகின்றனர். நம் பயணம் அவர்கள் குடும்பத்திற்கு வருவாயாகிறது. அவர்கள் அறிவு நமக்குக் காவலாகிறது.

ஆகவே பெற்றோரே, காட்டுத்தீ அஞ்சப்படும் மாதங்களில் வனநடையைத் தவிர்ப்பீர். அனுமதி இல்லாத வழியில், யார் அழைப்பினும், பிள்ளைகளை அனுப்பாதீர். தீப்பெட்டியையும் ஞெகிழிப் பைகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்வீர். வானொலிப் பாட்டையும் கூச்சலையும் நிறுத்தி, ஒரு மணி நேரமேனும் பறவையொலியைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவீர். பிறர் இல்லத்தில் விருந்தினர் எவ்வாறு ஒழுகுவரோ, அவ்வாறே வனத்திலும் ஒழுகுவோம். அங்ஙனம் சென்று வரும் குடும்பமே ஓய்வும் பெறும், நலமே வீடும் திரும்பும்.