வாய்ப்பாட்டு இல்லாத ஹிப்-ஹாப்



ஹிப்-ஹாப் என்றாலே இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசுவார்களே, அதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தமிழ் மீடியம். முதலாண்டில் பாடம் எதுவும் மண்டையில் ஏறாமல், பேசாமல் ஊருக்கே போயிடலாமா என்றிருந்தேன். அப்போது அறைத்தோழன் ஓர் இசையைக் கேட்கக் கொடுத்தான். தாளமும் இசையும் மட்டுமே. புரியாமல் போவதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை!

அதன் கதையைத் தேடினேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பள்ளிக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, சிண்டி கேம்ப்பெல் என்ற மாணவி ஒரு நடன விருந்து வைத்தார். ரெக்கார்டு போட்டவர் அவருடைய சகோதரர் டி.ஜே. கூல் ஹெர்க். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்தச் சில நொடிகளை நீட்ட, ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டினார். ஹிப்-ஹாப்பின் வேர் இதுதான். பேச்சு அதன்மேல் ஏறியது.

1987-இல் எஸ்.பி.-1200 என்ற கருவி வந்தது. நம் பாடத்தில் வரும் அதே சாம்பிளிங்தான்! ஒலியை நொடிக்கு 26,040 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 பிட்டில், அதாவது 4,096 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்ளும். ஆனால் நினைவகம் மொத்தமே 10 நொடி. பசங்க சும்மா இருப்பார்களா? 33 வேக ரெக்கார்டை 45-இல் ஓட்டிப் பதிந்தார்கள்; பிறகு கருவியில் வேகத்தைக் குறைத்தார்கள். 10 நொடியில் பதிமூன்றரை நொடி இசை அடங்கியது! ஒலி கொஞ்சம் கரகரத்தது. அந்தக் கரகரப்பையே ரசிகர்கள் விரும்பினார்கள்.

இப்படிப் பழைய ரெக்கார்டுத் துண்டுகளைக் கோத்து டி.ஜே. ஷேடோ 1996-இல் வெளியிட்ட 'எண்ட்ரடியூசிங்', முழுக்க சாம்பிள்களால் ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸில் இடம்பெற்றது. ஜே டில்லா இரத்த நோயோடு போராடியபடியே உருவாக்கிய 'டோனட்ஸ்', 31 துண்டிசைகள் கொண்டது. 2006 பிப்ரவரி 7, தம் 32-ஆவது பிறந்தநாளன்று அதை வெளியிட்டார். மூன்றாம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, நான் ஊருக்குப் போகவில்லை. அரியர் வைத்த பேப்பரை அடுத்த முறை எழுதித் தேறினேன். சாம்பிளிங் கேள்விக்கு அந்த 10 நொடிக் கருவியை நினைத்துக்கொண்டுதான் விடை எழுதினேன். நமக்கும் வசதி குறைவுதான். இருக்கிற 10 நொடியை வீணாக்காமல் இருப்போமே!

- இறுதியாண்டு, மின்னணுவியல் துறை